ஸ்மார்ட் போர்டுக்கு வெண்ணெய் ஊட்டிய விவரம்

அத்பாஷி,
அக்டோபர் 14

பெருமதிப்புக்குரிய சம்பந்தி துர்தகுன் அவர்களுக்கு,

சாதிர்பாய் மார்பில் கைவைத்து வணங்கி எழுதிக்கொள்வது. உங்கள் வீட்டு மனிதர்களும் மந்தையும் சுகமா? முதலில் மனிதர்களை விசாரிக்க வேண்டும் என்று என் மகள், உங்கள் மருமகள் மேரிம் போன தடவை கண்டித்ததால் வரிசையை மாற்றியிருக்கிறேன். குதிரைகள் குளிருக்கு முன் சதை போட்டனவா? தேன்பெட்டிகளை மூடியாயிற்றா? உங்கள் முழங்கால் இன்னும் உங்கள் பேச்சைக் கேட்கிறதா? இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர.

விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தாறு வருஷம் புவியியல் சொல்லிக்கொடுத்த நான் வேலையை விடப்போகிறேன். ராஜினாமாவை எழுதிக் கோட்டுப் பையில் வைத்தாயிற்று. நாளைக் காலையில் தலைமையாசிரியை ஜிபாராவின் மேசைக்குப் போய்விடும். சனிக்கிழமை உங்கள் வண்டியை அனுப்பி வையுங்கள். மிச்ச காலத்தை உங்கள் தேனீக்களோடு ஓட்டுகிறேன். கொட்டினாலும் அவை அறிக்கை எழுதாது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் சம்பந்தியம்மாவின் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

செப்டம்பர் கடைசியில் எங்கள் பள்ளிக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வந்தது. சுவரில் பாதியை அடைக்கிற கண்ணாடிப் பலகை, விரலால் தொட்டால் உள்ளே படம் நகரும். எங்கள் கணினி ஆசிரியர் உர்மத்துக்கு இருபத்து மூன்று வயது, பொறுமை கிடையாது. "ரெண்டு ஆணி அடிச்சு இப்பவே மாட்டிடலாம்" என்று ஏணியோடு வந்து நின்றான். ஜிபாரா விடுவாளா? "புதுசா ஒண்ணு வாசல்படி தாண்டி உள்ள வருது. முறை செய்யாம சுவத்துல அறைஞ்சிடுவியா? ஊரு காறித் துப்பும்டா" என்றாள். உடனே மணப்பெண்ணுக்குக் கட்டுவது போல வெள்ளைத் திரை ஒன்றைக் கட்டி, பலகையை அதற்குப் பின்னால் சாய்த்து வைத்தோம். புதுப்பெண் முகத்தை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஊரே வந்தது. ஒருவர் ரொட்டி, ஒருவர் உலர்தயிர் உருண்டை, ஒரு புண்ணியவான் உயிருள்ள கோழி. திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, முகத்துல என்ன களை!" என்று வாயைப் பிளந்தார்கள். இத்தனைக்கும் பலகைக்கு மின்சாரமே கொடுக்கவில்லை, சம்பந்தி. கறுப்புக் கண்ணாடியில் அவரவர் முகம்தான் தெரிந்தது. அதனால் எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அத்தோடு விட்டிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் பள்ளிச் சமையற்காரி புருல் அக்கா வந்தாள். வட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்தால்கூட முதலில் அவளுக்குத்தான் வணக்கம் வைப்பார்கள், அப்படிப்பட்ட கை. திரையை விலக்கி, இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"இதையா பொண்ணுன்னு சொன்னீங்க? நிக்கத் தெரியலை, பேசத் தெரியலை, சாய்ச்சு வெச்சா சாஞ்சு கெடக்கு. இது பச்சைப் புள்ளைடா! வாயில வெண்ணெய் வெச்சீங்களா?"

"அதுக்கு வாய் எங்கக்கா இருக்கு?" என்றான் உர்மத், சிரித்துக்கொண்டே.

"பெத்தவனுக்குத்தான் தெரியணும்."

பிறந்த குழந்தையின் வாயில் மஞ்சள் வெண்ணெய் தடவாமல் யாராவது விடுவார்களா? அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. உர்மத் பிளக்கு வாங்கக் கடைக்குப் போன சமயம் பார்த்து, அவள் ஒரு கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பலகையின் அடி விளிம்பில், கம்பி செருகுவதற்கென்று ஒரு சின்னத் துளை இருக்கிறது. "வாய் இதுவா இருக்கும்க்கா" என்று காட்டிக்கொடுத்த பாவி நான்தான். அவள் ஒரு விரல் வெண்ணெயை ஊட்டினாள். "படிச்சுப் பெரிய ஆளா வரணும், கெட்ட கண்ணு படக் கூடாது" என்று வாழ்த்தி, விரலில் மிஞ்சியதைக் கன்னத்துக்கு என்று சட்டம் முழுக்க வழித்தாள். நானும் இரு கைகளையும் ஏந்தி, முகத்தைத் தடவி, ஆமீன் சொன்னேன்.

போன வியாழக்கிழமை வட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து மூன்று பேர் பாடம் பார்க்க வந்தார்கள். ஏழாம் வகுப்பு, தியென் ஷான் மலைத்தொடர். புதுக் கருவியை எங்கள் ஆசிரியர்களுக்குக் கையாளத் தெரிகிறதா என்று பார்த்து எழுதுவார்கள். அறுபத்து மூன்று வயதுக்காரனுக்கு அந்த எழுத்துதான் தலையெழுத்து. முதல் நாள் முழுக்க ஒத்திகை பார்த்தேன், ஆனால் அது உர்மத்தின் மடிக்கணினியில். உர்மத் தன் கைப்பேசியைச் சிக்னல் கிடைக்கும் ஒரே ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். பலகையில் பூமி உருண்டை வந்தது. ஒற்றை விரலை நீட்டி, "இதோ பாருங்க, நம்ம மலை" என்றேன்.

மலை என் விரலுக்கு அடியிலிருந்து நழுவியது. சட்டத்தை ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் ஓடுமாம், அதை மறைத்தால் விரல் என்று நினைத்துக்கொள்ளுமாம். வெண்ணெய் நிரந்தரமாக ஒரு விரலை வைத்துக்கொண்டு உலகத்தை இழுத்தது. இதெல்லாம் உர்மத் பிறகு சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் கிழக்கே இழுத்தால் பூமி மேற்கே போகிறது என்பதுதான். சீனா போயிற்று, ஜப்பான் போயிற்று, பிறகு நீலம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. பலகை முழுவதும் நிரம்பி, நின்றது.

சம்பந்தி, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எங்கள் வகுப்புச் சுவர் வரைபடத்தில் நம் நிலம் நடுவே இருக்கும். பசிபிக்கை இரண்டாக வெட்டி இந்த ஓரம் கொஞ்சம், அந்த ஓரம் கொஞ்சம் ஒட்டியிருப்பார்கள். பூமியில் மூன்றில் ஒரு பங்கு அந்தக் கடல் என்று முப்பத்தாறு வருஷம் மனப்பாடமாகச் சொன்னேன். ஆனால் மனதுக்குள் அதைச் சோன்-கோல் ஏரியின் பெரியப்பா என்றுதான் வைத்திருந்தேன் போலிருக்கிறது. பூமியை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலமே இல்லை! ஓரத்தில் ஒரு கீற்று, அவ்வளவுதான். நம் மலை, நம் ஊரார் பிழைக்கப் போகிற ரஷ்யா, நாம் அடித்துக்கொள்ளும் எல்லைகள், ஒன்றும் இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

"ஆசிரியரே, மலை எங்க?" என்றார் குழுத் தலைவர்.

"தெரியலீங்க."

"அப்ப இது என்ன?"

"தண்ணிங்க" என்றேன். "எல்லாம் தண்ணி."

அவர் எழுதியது: 'ஆசிரியர் பதினோரு நிமிடங்கள் வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்றார். கருவியை இயக்கத் தெரியவில்லை.' அது பொய்யில்லை. ஆனால் அதற்காக நான் போகவில்லை. இத்தனை பெரிய ஒன்றைப் பார்க்காமலே, பார்த்தவன் போல ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேனே! ஜிபாராவே என் மாணவிதான். அவளுக்கும் பாதிக் கடலைத்தான் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுக்கட்டும். ஆகவே சனிக்கிழமை, வண்டி, மறந்துவிடாதீர்கள்.

உங்கள் மந்தை மலை நிறையப் பெருகட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும், பேரன் உங்கள் தாடியைப் பிடித்து இழுக்க நீங்கள் நூறு வருஷம் தாடியோடு இருக்க வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் சாதிர்பாய்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் விடிந்துவிட்டது, பள்ளிக்கும் போய்வந்துவிட்டேன். அதிகாரிகள் விருந்துக்கு வாங்கி, அவர்கள் குடிக்காமல் போன வோட்காவால் உர்மத் பலகையைத் துடைத்துவிட்டானாம். இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. நான் ஜிபாராவின் அறைக்குப் போகும் வழியில் ஏழாம் வகுப்பு ஐனாசிக் மறித்தாள். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற பெண். "சார், கடலு மாதிரி, எங்கம்மா இருக்கிற ஊரையும் காட்டுவீங்களா?" அவள் அம்மா ரஷ்யாவில், யெகாத்தரின்பர்க் நகரத்தில் தையல் வேலை செய்கிறாள், போய் மூன்று வருஷமாகிறது. விரலால் தள்ளித் தள்ளிப் போனோம். கூரைகள் தெரிகிற வரை இறங்கினோம். "ரெண்டு பெரிய புகைக்கூண்டுக்குப் பக்கத்துலன்னு அம்மா சொல்லுச்சு" என்றாள். அவளே கண்டுபிடித்தாள். உள்ளங்கையை அதன்மேல் வைத்ததும் ஊர் நகர்ந்துவிட்டது, மறுபடி கொண்டுவந்தேன். அப்புறம் அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே போய் நின்றாள். நான் வகுப்புக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டியிருந்தது, கண்ணைத் துடைக்கணுமே. திரும்பினால் மற்ற பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

வண்டி அனுப்ப வேண்டாம், சம்பந்தி. அப்பாவோ அம்மாவோ அப்படி ரஷ்யாவில் இருக்கிறவர்கள் அந்த வகுப்பில் மட்டும் இன்னும் ஒன்பது பேர்.