மூன்று தடவை வந்து சேர்ந்தோம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும், நேற்றுப் பிறந்த உன் பேத்தியும், அவளைப் பெற்றவளும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும், உங்கள் கம்பெனியின் புகையில்லாத அதிவேக ரயிலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமாக இல்லாவிட்டாலும் நலம் என்றுதான் அறிக்கை விடுவாய். விளம்பரப் பிரிவில் உன்னை வைத்திருப்பதே அதற்குத்தானே. ஆசி என்று மேலே எழுதியது கைப்பழக்கம். அதை நீ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் என்றால் நடுவில் ஏதாவது பேசி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். பாத்திரத்தை உடைத்துவிட்டு அம்மாவைச் சிரிக்க வைத்த காலத்திலிருந்து அதுதான் உன் தந்திரம். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. வாயை மூடிக்கொண்டு கடைசிவரை படி.

நேற்று விடிந்தும் விடியாததுமாக, தையல் கடையில் ஒரு அவசரச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை போன் செய்தார். "அத்தை, வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் என் மகள் போனைப் பிடுங்கி, "அம்மா, நீ வர்ற வரைக்கும் நான் பெத்துக்க மாட்டேன். சீக்கிரம் வா" என்றாள். தலைப்பிரசவம், பயந்த சுபாவம், ஊசி என்றாலே மயங்கி விழுகிறவள். அந்த நேரம் பார்த்து சம்பந்தியம்மா போன் செய்து, "நான் காலை ரயில்ல கெளம்பறேன், உங்க ரெண்டு பேருக்கும் எடம் பிடிச்சு வைக்கவா?" என்று கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உன் போன் வந்தது. "அக்கா, அந்த ஓட்டை ரயில்ல ஏறாத. இன்னிக்கு என் ரயிலுக்கு முதல் ஓட்டம். மத்தியானம் ஏறினா ஐம்பது நிமிஷம். சம்பந்தியம்மா பாதி வழி வர்றதுக்குள்ள நீ கொழந்தைய குளிப்பாட்டித் தூங்க வெச்சிடலாம்" என்றாய். என் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. எங்களுக்கு இடம் வேண்டாம் என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொன்னபோது கொஞ்சம் பெருமையோடும் சொன்னேன். அது என் தப்புத்தான்.

உங்கள் ரயில் ஐம்பது நிமிஷத்தில் போகும், ஆனால் உங்கள் ஸ்டேஷனுக்குப் போக இரண்டு மணி நேரம் ஆகும் என்பதை உன் விளம்பரத்தில் எந்த மூலையில் போட்டிருக்கிறாய்? ஊரைத் தாண்டி, வயலைத் தாண்டி, கல் குவாரியையும் தாண்டி ஒரு பொட்டல் வெளியில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறீர்கள். அதற்கு நீங்களே ஏற்பாடு செய்த பஸ் விட்ட புகையில் என் சந்தன நிறச் சேலை சாம்பல் நிறமாகிவிட்டது. உன் அத்தான் ஆயுசு முழுக்கப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவரே மூக்கைப் பொத்திக்கொண்டார். பஸ்ஸின் பக்கவாட்டில் 'புகையில்லாத பயணம், பொறுமையில்லாத வேகம்' என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தது. பொறுமையில்லாத வேகம் என்பது நீ யோசித்த வாசகமாகத்தான் இருக்கும். வேறு யாருக்கும் வராது.

ஸ்டேஷன் பளபளவென்று இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வாசலில் ஒரு பெண் எங்களுக்கு ஆளுக்கொரு மரக்கன்றைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு நாலடி நடந்தால் எடை மேடை. பேட்டரி கனமாம், அதனால் மனிதர்கள் லேசாக இருக்க வேண்டுமாம். என் பை அதிக எடை, பையில் மரக்கன்று வேறு. "செடிய விட்டுட்டுப் போங்கம்மா, படம் எடுத்தாச்சு" என்றாள் அந்தப் பெண். அதே கன்று எனக்குப் பின்னால் வந்தவருக்குப் போனது, அவரிடமிருந்து அடுத்தவருக்கு. ஒரு செடி நூறு கை மாறியதை என் கண்ணாலேயே பார்த்தேன். குழந்தைக்குத் தைத்த உடுப்புகளை மட்டும் விட மாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதால், உன் அத்தான் தன் சட்டைக்குள் நான்கு சட்டைகளையும் இரண்டு போர்வைகளையும் திணித்துக்கொண்டார். அவருக்கே பிரசவ நேரம் போல இருந்தது. மேடையில் நின்றிருந்த ஆள் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு வழி விட்டான்.

ரயில் புறப்பட்டதை நான் கவனிக்கவே இல்லை, தம்பி. சும்மா சொல்லக் கூடாது. ஜன்னலில் மரங்கள் நகர்ந்தபோதுதான் தெரிந்தது. என் கையில் இருந்த தண்ணீர் டம்ளரில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. கரி இல்லை, சத்தம் இல்லை. பாதை ஓரத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. என் சேலையைப் பார்த்துக்கொண்டேன். நம் அப்பா இதில் ஒரு தடவை உட்கார்ந்திருக்கலாமே என்று தோன்றியது, கண் கலங்கிவிட்டது. உன் அத்தான் மட்டும், "விசில் யாரு குடுக்கறாங்க? விசில் இல்லாம எப்படிக் கெளம்பிச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நீ சொன்ன ஐம்பது நிமிஷத்துக்கும் முன்னாலேயே ரயில் மகள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் உன் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்.

விட்டாயா? பிளாட்பாரத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு நீ நிற்கிறாய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், கதவு திறக்கவில்லை. பேண்டு வாத்தியக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்களாம். சொன்ன நேரத்துக்கு ரயில் வந்துவிடும் என்று உங்கள் ஆட்களே நம்பவில்லை போலிருக்கிறது. டிவியில் நேரடி ஒளிபரப்பாம், வரவேற்பு இல்லாமல் கதவைத் திறந்தால் கம்பெனி மானம் போய்விடுமாம். ரயிலைப் பின்னால் கொண்டுபோய், மறுபடி வரச் சொன்னீர்கள். உள்ளே ஒலிபெருக்கியில், "தயவுசெய்து முதல் முறை வருவது போலவே மகிழ்ச்சியாக இருங்கள்" என்று ஒரு குரல் சொன்னது. அது உன் குரல்.

இரண்டாவது தடவை வந்தோம். வாத்தியம் இருந்தது. ஆனால் ரயில் சத்தமே போடாமல் வந்து நின்றதால், கொடியசைக்க வந்திருந்த அமைச்சர் கவனிக்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். முதுகால் கொடியசைக்க முடியாதே. மறுபடி பின்னால். நான் கண்ணாடியைத் தட்டி, "கதவத் தெறடா, அங்க ஆஸ்பத்திரியில ஒருத்தி வலியில துடிக்கிறா!" என்று கத்துகிறேன். கண்ணாடி அவ்வளவு தடிமன், சத்தம் வெளியே வராது என்று உன் கையேட்டிலேயே பெருமையாகப் போட்டிருக்கிறாய். நீ என்ன செய்தாய்? இரண்டு விரலால் உன் உதட்டை இழுத்துக் காட்டினாய். சிரிக்கச் சொன்னாய்! பெற்ற மகள் தனியாகக் கிடக்கிறாள், கூடப் பிறந்தவன் கண்ணாடிக்கு வெளியே நின்று சிரி சிரி என்று சைகை காட்டுகிறான். ஆனாலும் சிரித்தேன். சிரித்தாலாவது கதவு திறக்குமோ என்று சிரித்தேன்.

மூன்றாவது தடவை எல்லாம் சரியாக நடந்தது. வாத்தியம் முழங்கியது, அமைச்சர் கொடியசைத்தார், கதவு திறந்தது. இங்கே உன் அத்தான் மேலும் ஒரு சின்னத் தப்பு உண்டு, அதை மறைத்தால் என் பேனா ஓடாது. பெட்டியில் இருந்த எல்லோரும் அந்த ஒரு வாசலுக்கே முண்டியடித்தார்கள். நான் ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். அத்தானுக்குப் பழைய ரத்தம் பொங்கிவிட்டது. சட்டைப் பையிலிருந்து அந்தக் காலத்து விசிலை எடுத்து, "தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா எறங்குங்க!" என்று சொல்லி, ஒரே ஒரு விசில் நீளமாக ஊதினார். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில் என்று அர்த்தம். உங்கள் ரயிலில் ஒரு விசில் என்றால் புறப்படு என்று அர்த்தமாமே! தானே ஓடும், தானே நிற்கும் என்று ஊரெல்லாம் சொன்னீர்களே, சிக்னல் இன்னும் பொருத்தி முடியாததால் பிளாட்பாரத்தில் ஒரு ஆள் விசில் கொடுத்துத்தான் வண்டியை நகர்த்துகிறான் என்று எந்த விளம்பரத்தில் சொன்னாய்? கதவு மூடத் தொடங்கியது, நான் காலை உள்ளே இழுத்தேன், என் செருப்பு மட்டும் உன் பிளாட்பாரத்தில் இறங்கியது.

ரயில் அதே நிசப்தத்தோடு ஊரைத் தாண்டி எங்கோ ஒரு பணிமனைக்குப் போய் நின்றது. வந்து வந்து போனதில் பேட்டரி தீர்ந்துவிட்டதாம். விளக்கு போனது, காற்றும் போனது. வெகுநேரம் கழித்து ஒரு லாரியில் டீசல் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி ஓட்டினார்கள். அது கக்கிய கரும்புகையில் உன் பச்சை ரயில் என் சேலை நிறத்துக்கு வந்தது. அந்த லாரியைப் படம் எடுக்க மட்டும் ஒரு காமிராவையும் காணோம். அத்தான் வயிற்றிலிருந்து போர்வையை உருவி விசிறிக்கொண்டார்.

விளக்கு வைத்த பிறகு, ஒரு வழியாக அங்கிருந்து ஊருக்குத் திரும்பி, ஒற்றைச் செருப்போடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். பத்து நிமிஷம் முன்னால்தான் சம்பந்தியம்மா வந்திருந்தாளாம். பத்தே நிமிஷம்! அந்த ஓட்டை ரயிலில் வந்தவள், குளித்துவிட்டு வந்தது போலப் பளிச்சென்று உட்கார்ந்து, மடியில் குழந்தையை வைத்திருந்தாள். "உங்க தம்பி ரயில் ரொம்ப வேகம்னு சொன்னீங்களே. வேகத்துல ஊரையே தாண்டிட்டீங்களோ?" என்றாள். மகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தனியாகப் பெற்றிருக்கிறாள், தம்பி. என்னைத் தேடித் தேடிக் கண் வலித்திருக்கும். அந்த நினைப்பில் ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை, விடிந்ததும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆகவே, குழந்தையைப் பார்க்க நீ வர வேண்டாம். அடுத்த பண்டிகைக்கும் வேண்டாம், அதற்கு அடுத்ததற்கும் வேண்டாம். உன் மனைவிக்கு மட்டும் என் அன்பு. உன் ரயில் நன்றாக ஓடட்டும், அதில் நீயே ஏறிப் போய், ஒவ்வொரு ஊராக இறங்காமல் வந்துகொண்டே இரு.

இப்படிக்கு,
ஒரு கால் மட்டும் வெளியே வைத்த
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது மகள் விழித்துக்கொண்டாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள், சொன்னேன். அழுவாள் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பிரசவ அறையில் வலியை மறக்கடிக்க ஒரு டிவி மாட்டியிருக்கிறார்களாம். "எனக்கு வலி வர்றப்பல்லாம் டிவியில நீ வந்துக்கிட்டே இருந்தம்மா. மொத தடவ உன் முகம் தெரிஞ்சுது, அம்மா வந்துட்டான்னு தைரியமாச்சு. ரெண்டாவது தடவ நீ என்னப் பார்த்து சிரிச்ச. மூணாவது தடவ கதவு தெறந்து உன் கால் வெளிய வந்துச்சு. அப்பா விசில் ஊதினாரு பாரு, அந்த விசில்ல பொறந்துட்டா" என்றாள். அத்தான் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். விசிலையும் துடைத்தார்.

மேலே உள்ளதைக் கிழிக்க மனம் வரவில்லை, அவ்வளவும் உண்மை. ஆனால் நீ குழந்தையைப் பார்க்க வா. வரும்போது என் செருப்பைக் கொண்டு வா. ஒன்று மட்டும் கேள்: பழைய ரயிலில் ஏறி வா. எனக்கு நீ இறங்கவும் வேண்டும்.