அனுமதி பெறாத உளுந்து

பொருளாதார மந்தத்தைக் கண்டு ஊரே நடுங்கிக்கொண்டிருந்தபோது, அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே எதிர்கொண்ட பெருமை மந்த நிவாரண மறுசீரமைப்பு வாரியத்தையே சேரும். உளுந்து விலை படுத்துவிட்டது என்ற செய்தி வந்த மறுநாளே வாரியம் உட்கார்ந்துவிட்டது. கடலைமிட்டாயும் காபியும் வந்தன. மாலையில் எழுந்தபோது வாரியத்திடம் ஒரு மகத்தான கண்டுபிடிப்பு இருந்தது. விலை விழக் காரணம் விளைச்சல். விளைச்சலுக்குக் காரணம் விவசாயி. ஆகவே விவசாயியைச் சீர்திருத்திவிட்டால் போதும்.

அந்தச் சீர்திருத்தத்தில் முதலில் அகப்பட்டவர் எப்போதும்வென்றான் கிராமத்து வெயிலுமுத்து. மானாவாரிக் கரிசல் காட்டில் உளுந்து போடுகிறவர். போன வருடம் விலை கிடந்த கிடையில், பிடுங்குகிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியை அப்படியே காட்டில் விட்டுவிட்டார். காய்ந்த நெற்று வெடித்து விதையெல்லாம் மண்ணோடு போயிற்று. அவர் மனைவி சுடலையம்மாள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸும் ஆர்டர் இல்லாமல் மூடிக்கிடந்தது. இருவரும் ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆடும் விற்றுப்போன வாரத்தில்தான் ஓட்டப்பிடாரம் கல்யாண மண்டபத்தில் வாரியத்தின் கூட்டம் நடந்தது.

திட்ட அலுவலர் பூவனநாதன் இஸ்திரி கலையாத சட்டையோடு மைக் பிடித்தார். திட்டத்தின் பெயர் ‘பயிர் ஓய்வு’. இந்தப் பருவம் விதைக்காமல் இருக்கிறவர்களுக்கு மாதந்தோறும் நிவாரணம். நிலத்தில் எந்த வேளாண் பணியும் செய்யக் கூடாது. செய்தால் நிவாரணம் ‘மறுபரிசீலனைக்கு’ உள்ளாகும்.

வெயிலுமுத்து எழுந்து ஒரு சந்தேகம் கேட்டார்.

“மழை இல்லாம நாங்க எத்தனையோ வருசம் வெதைக்காமத்தான சார் கெடந்தோம்? அப்பல்லாம் ஒண்ணும் தரலையே?”

“அது விதைக்க முடியாமல் இருந்தது. அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இங்கே நீங்கள் மனமுவந்து விதைக்காமல் இருக்க வேண்டும்.”

இவ்வளவு நுட்பமான வேறுபாடு இருப்பது தமக்கு இத்தனை நாள் தெரியவில்லையே என்று வெயிலுமுத்து வெட்கப்பட்டு உட்கார்ந்தார். மனமுவந்து கைரேகையும் வைத்தார்.

அவர் நிலத்தின் முகப்பில் ஒரு பெரிய பலகை நடப்பட்டது. ‘இங்கு எதுவும் செய்யப்படவில்லை’ என்று மேலே, ‘வாரியத்தின் சாதனை’ என்று கீழே. அதன்பின் விதைக்காமல் இருப்பது எப்படி என்பதற்குப் பயிற்சி முகாம் நடந்தது. மண்ணைப் பார்த்ததும் கை பரபரத்தால் ஆழமாக மூச்சு விட வேண்டும் என்றார்கள். வெயிலுமுத்து மூச்சு விட்டுப் பழகினார்.

எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த வேளையில், வாரியத்தைக் கலந்தாலோசிக்காமல் மழை பெய்துவிட்டது.

அப்படியொரு மழையைச் சமீபத்தில் அந்தப் பக்கம் கண்டதில்லை. கண்மாய் நிறைந்தது. கரிசல் குடித்துக் குடித்துக் கன்னங்கரேலென்று பொங்கி நின்றது. ஒரு வாரம் கழித்து வெயிலுமுத்து காட்டுப் பக்கம் போனபோது, பலகையைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று உளுந்து முளைத்திருந்தது. போன வருடம் வெடித்து விழுந்ததெல்லாம் ஒன்று விடாமல் எழுந்து நின்றது. அவர் ஆழமாக மூச்சு விட்டார். பலிக்கவில்லை. குனிந்து ஒரு களையைப் பிடுங்கிவிட்டார்.

வீட்டில் சுடலையம்மாள் அவர் கையிலிருந்த மண்ணைப் பார்த்துவிட்டாள்.

“ஏங்க, அங்கன போகாதிய. அவிய பாத்தா நிவாரணத்த நிப்பாட்டிருவாவ. விக்கிறதுக்கு ஆடும் இல்ல.”

இனிமேல் போவதில்லை என்று சொன்னார். ஆனால் அந்தி சாய்ந்தால், இல்லாத ஆட்டைத் தேடுகிறவர்போல் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆடு கிடைக்கவில்லை. காட்டில் களையும் இல்லை.

பயிர் பூ வைக்கிற நேரத்தில் பூவனநாதன் ஜீப்பில் ஆய்வுக்கு வந்தார். பலகையைப் படித்தார். பயிரைப் பார்த்தார். மறுபடியும் பலகையைப் படித்தார்.

“விதைத்தது யார்?”

“யாரும் வெதைக்கல சார். போன வருசம் விலை இல்லாம விட்டது, தானா மொளைச்சிருக்கு.”

“முளைக்கும் முன் எங்களுக்குத் தகவல் கொடுத்திருக்க வேண்டாமா?”

“எனக்கே சொல்லல சார்.”

பூவனநாதன் ‘அனுமதியற்ற செழிப்பு’ என்று எழுதிக்கொண்டார். பயிரை அகற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் நிவாரணம் நின்றுவிடும். நானே பிடுங்கிவிடுகிறேன் என்றார் வெயிலுமுத்து. அதற்கும் வழியில்லை. பிடுங்குவது வேளாண் பணி; பயனாளி வேளாண் பணி செய்யக் கூடாது. வாரியத்தின் வேலைவாய்ப்புப் பிரிவுதான் ஆள் வைத்துப் பிடுங்க வேண்டும். அதற்கு மேலிடத்து ஒப்புதல் வேண்டும்.

அன்றிலிருந்து வெயிலுமுத்து, ஆள் எப்போது வருவார்களோ என்று தினமும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வாரியத்தின் வேகம் அவருக்குத் தெரியாது. கோப்பு மேசை விட்டு மேசை நகர்வதற்குள் பூ பிஞ்சாயிற்று. பிஞ்சு காயாயிற்று. காய் கறுத்து நெற்றாகிக் காற்றில் சலசலக்கத் தொடங்கியபோது, ‘மிக அவசரம்’ என்ற முத்திரையோடு ஒப்புதல் வந்து சேர்ந்தது.

வேலையிழந்த தீப்பெட்டி ஆபீஸ் பெண்களையே வேலைக்கு எடுத்தார்கள். முன் வரிசையில் சுடலையம்மாள் நின்றாள். புருஷன் மனமுவந்து விதைக்காத பயிரை, வாரியத்தின் கூலி வாங்கிக்கொண்டு பெண்டாட்டி பிடுங்கினாள். புருஷன் விதிப்படி வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார். கொத்துக் கொத்தாக நெற்று. வெறும் பலகையின் காவலில் இப்படிக் காய்த்ததை அவர் பார்த்ததேயில்லை.

பிடுங்கிய செடி களத்தில் குவிந்ததும், இனிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதுதானா என்று சுடலையம்மாள் கேட்டாள். பூவனநாதனும் விளாத்திகுளம் பக்கத்தில் உழுது பிழைத்த சம்சாரி வீட்டுப் பிள்ளைதான். ஒரு நெற்றை எடுத்து விரலால் நசுக்கினார். உளுந்து உள்ளங்கையில் உருண்டது.

“அப்படியே புதைத்தால் மறுபடியும் முளைத்துவிடும். வெயிலில் காயவைத்து, மிதித்து, தூற்றி, விதையைத் தனியே பிரித்து, சாக்கில் கட்டிவிடுங்கள். அதற்கும் கூலி உண்டு.”

“அதுக்குப் பேரு அறுவடை இல்லையா சார்?”

“இல்லை. முழுமையான அகற்றல்.”

முழுமையாக அகற்றினார்கள். சாக்குகளை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. அபாயகரமான பொருளை அலுவலகத்தில் வைக்க முடியாதென்று, ‘பாதுகாப்புக் கருதி’ வெயிலுமுத்துவின் வீட்டிலேயே வைக்கச் சொல்லிவிட்டு பூவனநாதன் ஜீப்பில் ஏறினார். ஏறியவர் தலையை வெளியே நீட்டி, குரலைத் தணித்தார்.

“அண்ணாச்சி, வீட்டுல அம்மா இட்லிக்குப் போட உளுந்து கெடைக்காம புலம்புதாவ. கடையில விக்கிற வெலைக்கு வாங்க முடியல. ஒரு படி மட்டும் என் பாதுகாப்புல குடுங்க.”

வெயிலுமுத்து தலைதட்டாமல் குவித்து இரண்டு படி அளந்தார். மீதியில் பிடுங்கின பெண்களுக்கெல்லாம் ஒரு பங்கு பாதுகாக்கக் கொடுத்தனுப்பினாள் சுடலையம்மாள். அந்த மாதம் எப்போதும்வென்றானில் தோசைக்கல் ஆறவில்லை.

பூவனநாதனின் அம்மா சொன்னது உண்மை. விலை ஏறிவிட்டது, திட்டம் வென்றுவிட்டது. ஏறிய விலைக்கு விற்க, வாரியக் கணக்குப்படி விவசாயிகள் ஒருவரிடமும் உளுந்து இல்லை என்பது சிறு குறை. அதையும் வாரியம் சும்மா விடவில்லை. கப்பலில் வெளிநாட்டு உளுந்தை வரவழைத்து, தூத்துக்குடியில் மாலை போட்டு இறக்கியது.

கோவில்பட்டியில் வெற்றி விழா நடந்தது. சென்னையிலிருந்து வாரியத் தலைவரே வந்து நடு நாற்காலியில் அமர்ந்தார். ‘சிறந்த செயலின்மைக்கான’ கேடயம் வெயிலுமுத்துவுக்கு அறிவிக்கப்பட்டது. வாங்கிக்கொண்டவரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக்கை விட்டுச் சற்றுத் தள்ளி நின்று பேசினார்.

“ஒரு போகம் சும்மா இருந்ததுக்கு எனக்குக் கேடயம் குடுத்திருக்கிய. சந்தோசம். ஆனா வாங்கக் கூச்சமா இருக்கு. இந்தத் தொழில்ல என்னைய விட மூத்தவிய மேடையில இருக்காவ. அவியள வச்சிக்கிட்டு நான் வாங்குனா மரியாதையா இருக்காது.”

சொல்லிவிட்டு, கேடயத்தைத் துண்டால் துடைத்து, தலைவரிடம் பணிவாக நீட்டினார். தலைவர் எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் பதவியேற்ற நாளிலிருந்து செய்த முதல் வேலை அதுதான்.