ஆண் மரத்தில் பழுத்த ரம்புட்டான்

பொய் சொல்வது எனக்கு வராது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நீச்சல் வராது, சமையல் வராது என்பது போலச் சொல்கிறேன். வராத வித்தையை நாற்பத்திரண்டு வயதில், மாமனாருக்கு முன்னால், ஒரு மரத்தைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு செய்து பார்த்தவன் நான்.

வடவள்ளியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அந்த ரம்புட்டான் மரம் இன்னும் நிற்கிறது. கேரளத்துக்குச் சுற்றுலா போனபோது தின்ற பழத்தின் கொட்டையைக் கைக்குட்டையில் மடித்துக் கொண்டுவந்து நட்டது. கோயம்புத்தூர்க் குளுமை மனிதர்களுக்கு ஒத்துக்கொள்ளும், ரம்புட்டானுக்கு ஆகாது. அதற்கு மழையும் புழுக்கமும் வேண்டும். நான் பச்சை வலையில் பந்தல் போட்டேன். மார்கழியில் சாக்குப் போர்த்தினேன். வெயில் காலத்தில், துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிப்பதற்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்து, காலையும் மாலையும் இலை இலையாகத் தெளித்தேன். ("எனக்குக் காய்ச்சல் வந்தப்பக்கூட நெத்தியில ஈரத்துணி போட்டதில்லீங்க நீங்க" என்றாள் என் மனைவி கவிதா. உண்மைதான்.)

ஏழாம் வருஷம் மாசியில் மரம் பூத்தது. உடனே மாமனாருக்கு போன் போட்டேன். அவர் அந்தியூர்ப் பக்கம் மஞ்சளும் தென்னையும் வைத்திருக்கிற விவசாயி. இத்தனை வருஷமாக என் தோட்டக்கலையைப் பற்றி அவர் சொன்ன ஒரே கருத்து "செரிங்க மாப்ள" என்பதுதான். அதனால், பூ விட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில், "காய் புடிச்சிருச்சுங்க மாமா, கொத்துக் கொத்தா" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அடேங்கப்பா!" என்றார் அவர். கல்யாணமான நாளிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை.

பத்தே நாளில் பூ மொத்தமும் கொட்டிவிட்டது. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. நான் சொல்லவில்லை. அவர் வாராவாரம் விசாரித்தார். நானும் வாராவாரம் காயை வளர்த்தேன். சுண்டைக்காய் அளவு, நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு. ஆனி மாதம் போனிலேயே பழுக்கவும் வைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அவரே கூப்பிட்டார்.

"மாப்ள, நாளைக்குக் காலைல வாரேனுங்க. பழத்தை மரத்துலயே பாக்கோணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். கையில் பழக்கடையில் வாங்கிய மூன்று கொத்து ரம்புட்டான். கவிதா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங்க, எங்கப்பா விவசாயிங்க. இதையெல்லாம் நம்புவாருங்களா?"

"அடுப்படி வாசல்லயே நிக்க வெச்சுக் காட்டி அனுப்பிப்போடலாம்."

"என்னைய இதுல சேக்காதீங்க" என்று உள்ளே போனவள், ஒரு நிமிஷத்தில் தையல் பெட்டியோடு திரும்பி வந்தாள். "வெள்ளை நூலு பளிச்சுனு தெரியுது. பச்சைய வெச்சுக் கட்டுங்க."

ஒன்பது மணிக்கு மாமனார் வந்தார். தனியாக வரவில்லை. நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் ரங்கராஜ் என்பவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இருவரையும் அடுப்படி வாசலில் நிறுத்தி, தூரத்திலிருந்தே மரத்தைக் காட்டினேன்.

"அடேங்கப்பா" என்றார் மாமனார், இந்தத் தடவை நேரிலேயே. பிறகு ரங்கராஜிடம் திரும்பினார். "பாத்தீங்களா? வடவள்ளில காய்ச்சது நம்மூர்ல காய்க்காதுங்களா? தென்னை ரெண்டு ஏக்கராவையும் எடுத்துப்போட்டு இதையே வெச்சரலாமுங்க. நாளைக்குக் காலைல ஜேசிபி வருது."

காபி கொண்டுவந்த கவிதா அப்படியே நின்றுவிட்டாள். அந்தத் தென்னைகள் அவள் பிறந்த வருஷம் வைத்தவை. அவள் என்னைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன்.

மரத்தைப் பார்த்திருக்கக் கூடாது. பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று கிளம்பியிருந்தது. காய்த்த பழம் கிளையோடு ஆடும். என் பழங்கள் கிளை ஒரு பக்கம் போனால் தாங்கள் ஒரு பக்கம் போயின. ஒரு கொத்து முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, திரும்பவும் எதிர்ப்பக்கம் சுற்றியது.

"பக்கத்துல போய்ப் பாத்தரலாமுங்க" என்றார் ரங்கராஜ்.

"வேண்டாமுங்க! செவ்வெறும்பு! கடிச்சா வீங்கிப்போகும்!"

"நமக்குப் பழக்கந்தானுங்க" என்று அவர் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். நல்லவேளையாக, அவர் பழத்தைத் தொடவில்லை. தாழ்ந்த கிளை ஒன்றில் பருவம் தப்பிப் பூத்திருந்த சின்னப் பூங்கொத்தை இழுத்து, செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏனுங்க, இது ஒட்டுச் செடிங்களா, கொட்டை போட்டதுங்களா?"

"கொட்டைங்க."

"அதானுங்க. கொட்டைல வர்றதுல ஆணும் வருமுங்க. இது ஆண் மரம். பூப்பூக்கும், அவ்வளவுதான். சென்மத்துக்கும் காய்க்காது."

ஏழு வருஷம் தண்ணீர் தெளித்தவனுக்கு அதைக் கேட்டு அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு உயிர் வந்தது. இதோ, மாட்டிக்கொண்டேன், இனிப் பொய்யை இழுக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் ரங்கராஜ் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஆனா காய்ச்சிருக்குதுங்களே! இந்த அதிசயத்தை நான் எங்கயும் பாத்ததில்லீங்க!"

சொல்லிக்கொண்டே, பழ மரங்களை ஆராய்ச்சி செய்யும் ஓர் அம்மாவுக்கு போன் போட்டார். "மேடம், ஆண் ரம்புட்டான் காய்ச்சிருக்குதுங்க! கண்ணால பாத்துட்டுத்தான் பேசறேன்." அந்த அம்மா அரை மணி நேரத்தில் கேமராவோடு வருகிறார்களாம்.

மாமனார் பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்தார். முதல் முறையாக. "கமுக்கமா இருந்து பெரிய காரியம் பண்ணிப்போட்டீங்க மாப்ள" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாசலில் கவிதா காபித் தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

"மாமா, தென்னைய எடுக்காதீங்க."

"ஏனுங்க?"

"இது காய்ச்சதில்லீங்க மாமா. கட்டுனதுங்க."

அவருக்குப் புரியவில்லை. மரத்தடிக்குப் போய்க் கையை உயர்த்தி ஒரு கொத்தைத் திருப்பினார். பச்சை நூலைக் கண்டுபிடித்தார். விரலால் தடவிப் பார்த்தார். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, போனை எடுத்தார்.

"தம்பி, நாளைக்கு வண்டி வேண்டாமப்பா. ஆமா. தோப்பு இருக்கட்டும்."

ரங்கராஜ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "மேடம், வர வேண்டாமுங்க. பழம்... காத்துக்கு எல்லாம் கொட்டிப்போச்சுங்க" என்று குழறினார். (என்னைவிட நன்றாகவே பொய் சொன்னார்.)

மாமனார் ஒரு பழத்தைப் பிய்த்து, தோலை உரித்து, நிதானமாகச் சப்பினார். கொட்டையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா இனிக்குதுங்க மாப்ள. எந்தக் கடைங்க?"

முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கவிதாதான். அவளுக்கு அப்போது கண்ணில் தண்ணீரும் வந்திருந்தது.

அன்றோடு முடிந்ததென்று நினைத்தேன். எனக்குப் பதவி உயர்வு வந்த செய்தியைச் சொன்னபோது, "காய்ச்சதுங்களா மாப்ள, கட்டுனதுங்களா?" என்று கேட்டார் மாமனார். அதற்குப் பிறகு அது குடும்பச் சொத்தாகிவிட்டது. கல்யாண வீடுகளில் மணப்பெண்ணின் சடையைப் பார்த்துக்கூட, "காய்ச்சதா, கட்டுனதா?" என்று பெண்கள் குசுகுசுக்கிறார்கள். என் பெயர் தெரியாத தூரத்துச் சொந்தங்களுக்கும் அந்தக் கேள்வி தெரியும்.

போன மாதம் ரத்தப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை இல்லை என்று வந்தது. சந்தோஷத்தில் மாமனாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்.

அனுப்பினேன்.