மெட்ரோலேக் அண்ணன் சோதித்த இணையக் கடை

புந்தோங்கில் மழை பெய்தால் மெட்ரோலேக் அண்ணன் கையை நீட்டிப் பார்ப்பார். கை நனைந்தாலும் நம்பமாட்டார். மேல்மாடியில் யாராவது துணி காயப் போட்டிருக்கிறார்களா என்று நிமிர்ந்து பார்ப்பார்.

ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். ரப்பர் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க ஒரு கருவியை உள்ளே விடுவார்கள். அதற்குப் பேர் மெட்ரோலேக். தோட்டம் வீடுகளாகிப் போனது. பேரும் சந்தேகமும் அவரோடு புந்தோங்குக்கு வந்துவிட்டன.

நான் லாரி ஓட்டியவன். ஐம்பத்தைந்து வயதில் சேமநிதி கைக்கு வந்தது. மகளைத் தாதியர் கல்லூரியில் சேர்க்க வைத்திருந்த பணம். காப்பிக் கடையில் எல்லாரும் ஓர் இணையக் கடையின் பங்கு வாங்கினார்கள். ஏறிக்கொண்டே போகிறது என்றார்கள். எனக்கும் ஆசை வந்தது. அண்ணனிடம் சொன்னேன்.

“கடை எங்க இருக்கு?”

“போன்ல இருக்கு அண்ணே.”

“மொதலாளி, தவுக்கே யாரு?”

“தெரியாது.”

“அப்ப தவுக்கேக்கும் உன்ன தெரியாது.”

அதோடு விடவில்லை. என் மகளின் போனில் அந்தக் கடையிலிருந்து ஒரு கேத்தல் வரவழைத்தார். மூன்றே நாளில் வந்தது. தண்ணீர் நன்றாகக் கொதித்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. திருப்பி அனுப்பினார். மறுபேச்சில்லாமல் பணம் வந்தது. இன்னும் மோசம்.

“சண்டை போடாம காசு குடுக்கிறவன் என்னா கடைக்காரன்? எவன் காசையோ குடுக்கிறான் லா.”

“எவன் காசு அண்ணே?”

“ஷேர் வாங்குறான் பாரு, அவன் காசு.”

பார்சல் கொண்டுவரும் மோட்டார் சைக்கிள் பின்னாலேயே ஒரு வாரம் சுற்றினார். எல்லா வீட்டிலும் நிஜமான ஆட்கள்தான் வாங்கினார்கள். போலீசில் சொல்வேன் என்று பார்சல்காரர் மிரட்டிய பிறகுதான் நிறுத்தினார். கடைசியில் தீர்ப்பு வந்தது.

“கடை உண்மைதான். ஆனா நல்ல பாலுலயே பத்துக்கு மூணுதான் ரப்பர். பத்துல மூணு போடு. மிச்சத்த தொடாத.”

“ரொம்ப ஏறிடுச்சுன்னா?”

“என்னைய திட்டு. பழகிப் போச்சு.”

அப்படியே செய்தேன். பங்கு ஏறியது. திட்டினேன். பிறகு விழுந்தது, பாதிக்கும் கீழே. காப்பிக் கடையில் பேச்சு அடங்கியது. மிச்சப் பணத்தில் மகள் கல்லூரியில் சேர்ந்தாள்.

சீருடை தைத்து வந்த அன்று அவள் சொன்னாள்: “அப்பா, மெட்ரோலேக் பெரியப்பாவும் நீங்க வாங்கின அதே நாள்லதான் அந்த ஷேர் வாங்கினாரு. நான்தான் போன்ல வாங்கிக் குடுத்தேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு.”

நேரே காப்பிக் கடைக்குப் போனேன்.

“நம்பாம எதுக்கு அண்ணே வாங்கினீங்க?”

அவர் பாலில்லாத தே ஓ தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார். “நீ தனியா நட்டப்பட்டா, யாருகிட்ட போய் பேசுவ?”

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இப்போது தினமும் சேர்ந்துதான் விலை பார்க்கிறோம். இன்னும் ஏறவில்லை. எனக்கு அவசரமில்லை.