டமார் அக்காவின் துப்பாக்கி இல்லாத கிளப்

தமிழ்நாட்டில் மட்டுமல்ல, இந்த உலகத்திலேயே மிகவும் பாதுகாப்பான துப்பாக்கி சுடும் கிளப்பை நடத்தியவர் டமார் அக்காதான். இதைப் பாசத்தில் சொல்லவில்லை. தொழிற்சாலைப் பாதுகாப்பு என்று ஒரு பாடத்தையே படித்துத் தேறியவள் என்ற முறையில் சொல்கிறேன். ஆபத்தைத் தவிர்க்கச் சிறந்த வழி, ஆபத்தான பொருளை அந்த இடத்தை விட்டே அகற்றிவிடுவது என்று அதில் முதல் அத்தியாயத்திலேயே போட்டிருக்கும். அக்காவின் கிளப்பில் துப்பாக்கியே கிடையாது.

மற்ற எல்லாம் இருந்தன. தலைவர், செயலாளர், பொருளாளர், நீல டி-ஷர்ட், ஃப்ளெக்ஸ் பேனர், வாட்ஸ்அப் குரூப், விதிமுறைகள், விதிமுறையை மீறினால் தண்டனைகள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அக்காவே.

அக்கா திண்டிவனத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாற்பது வயது இருக்கும். அவருடைய கணவர் வளைகுடா நாடு ஒன்றில், பணக்காரர்கள் பொழுதுபோக்குக்குச் சுடும் ஒரு கிளப்பில் வேலை பார்த்தவர். அங்கே ஓர் இயந்திரம் சின்னத் தட்டு ஒன்றை வானத்தில் வீசும். அது தரைக்கு வருவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். களிமண் தட்டு என்று பெயர், ஆனால் அசலில் சுண்ணாம்பும் தாரும் கலந்து செய்வார்கள். தட்டை வீசும் பொத்தானை அழுத்துவது கணவரின் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது அக்காவின் வேலை. பல வருடங்கள் பார்த்தார். ஊழியர் குடும்பங்களுக்கு விருந்து வைத்த ஒருநாள், அக்காவுக்கும் ஒரே ஒரு தட்டு சுடக் கொடுத்தார்கள்.

"அதுவும் போச்சு" என்பார், அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில், யாரிடம் வேண்டுமானாலும். "அவசரப்பட்டுட்டேன். தட்டுக்குப் பின்னாடி சுட்டுட்டேன்."

வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் கம்பளியும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். அக்கா அந்த கிளப் கழித்துப் போட்ட, ஸ்பிரிங்கைக் கையால் இழுத்து விடுகிற பழைய தட்டு வீசும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். நான் அப்போது மயிலம் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள அக்காவிடம் போனேன்.

"இன்னா படிக்கிற?"

"மெக்கானிக்கல்க்கா."

"அப்ப ஸ்பிரிங்கப் பத்தித் தெரியும்."

"தெரியும்க்கா."

"ஸ்கூட்டர அப்புறம் ஓட்டிக்கலாம். ஞாயித்துக்கெழம ஒலக்கூர் பக்கம் வந்துரு."

அப்படித்தான் கிளப்பின் தொழில்நுட்பப் பிரிவுக்கு நான் தலைவியானேன். ஸ்கூட்டரைப் பின்னாளில் என் தம்பிதான் சொல்லிக்கொடுத்தான்.

பள்ளிப் பிள்ளைகளைச் சேர்ப்பது முதல் சிக்கல். விசாரிக்க வந்த பெற்றோர்களுக்கு மூன்றே கேள்விகள்தான் இருந்தன. சர்டிபிகேட் எத்தனை மாதத்தில் கைக்கு வரும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இன்ஜினியரிங் கிடைக்குமா, போலீஸ் வேலை கிடைக்குமா. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருத்தர் வந்து சுட்டு இருவருக்கும் சர்டிபிகேட் வாங்க முடியுமா. பிள்ளைக்குச் சுடுவதில் ஆசை உண்டா என்ற கேள்வியை அக்காதான் கேட்டார். அதற்கு, "அதெல்லாம் வந்துரும்க்கா, மொதல்ல சர்டிபிகேட்டச் சொல்லுங்க" என்றார் ஓர் அம்மா.

இந்தக் கூட்டத்தில் சேராதவர் தனசேகர். ஒலக்கூர் பக்கத்து விவசாயி. அவருக்கு ஒரே ஒரு கவலை, நிலக்கடலையைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றி.

"பன்னி சுடக் கத்துக் குடுப்பியாம்மா?"

"இல்லண்ணே. பன்னியச் சுட்டா நம்மள உள்ள வெப்பாங்க. இது தட்டு."

"தட்டா வந்து என் மல்லாட்டையைத் தின்னுது?"

இருந்தாலும் பாறை தட்டிக் கிடந்த தன் மேட்டு நிலத்தைக் கிளப்புக்குத் தந்தார். பதினாறு வயது மகள் பவித்ராவையும் அனுப்பினார். இரண்டுக்கும் காரணம் வறட்டிதான். அதைச் சொல்ல வேண்டும்.

அசல் தட்டுகளைச் சென்னையிலிருந்து வரவழைத்தால், பஸ் மேல்மருவத்தூரைத் தாண்டுவதற்குள் பாதி உடைந்துவிடும். அதனால் அக்கா வறட்டிக்கு மாறினார். பழைய பிளாஸ்டிக் டப்பா மூடிகளில் சாணத்தை அழுத்தி, ஓரத்தில் விளிம்பு வைத்து, வெயிலில் காயப்போட்டால் அளவெடுத்தாற்போல் தட்டு. எடை, விட்டம், ஈரப்பதம் என்று நான் அட்டவணையே போட்டேன். நன்றாகக் காய்ந்த வறட்டி அசல் தட்டைவிட அழகாகப் பறக்கும். விழுந்து உடைந்த துண்டுகளைத் தனசேகரின் மனைவி அடுப்புக்குப் பொறுக்கிக்கொள்வார். அதுதான் நிலத்துக்கு வாடகை. கூட ஒருத்தி சுட்டால் துண்டும் கூடும் என்றுதான் பவித்ராவும் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் சுட வந்தார்கள் என்பதைத் திங்கட்கிழமை அவர் வீட்டுச் சோற்றுப் பானை சொல்லிவிடும்.

துப்பாக்கிக்குப் பதில் பிவிசி பைப். எடைக்காக உள்ளே மணல், தோளில் ஊன்றுவதற்கு மரக்கட்டை. விசை ஒன்று வைக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம். விசை இருந்தா விரலு சும்மா இருக்காது" என்றுவிட்டார் அக்கா. அவருக்கு அது பைப் அல்ல, துப்பாக்கி. ஆட்டை நோக்கிப் பைப்பைத் திருப்பிய ஒரு பையனை ஒரு மாதம் நீக்கிவைத்தார். ஆட்டின் சொந்தக்காரர் வந்து, "ஆடு ஒண்ணும் கோவிச்சிக்கலம்மா, உட்ரு" என்று சிபாரிசு செய்தும் மசியவில்லை.

ஒருமுறை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எங்களைக் கான்ஸ்டபிள் ஒருவர் நிறுத்தினார்.

"இன்னாம்மா இது, கட்டு கட்டா?"

"துப்பாக்கி சார்."

"பைப்பு மாதிரி இருக்கு."

"பைப்புதான் சார். இருந்தாலும் முன்னாடி நிக்காதீங்க."

அவர் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார். இன்றுவரை ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

விசையும் தோட்டாவும் இல்லாமல் எப்படிச் சுடுவது? வாயால்தான். சுடுபவர் "உடு" என்பார். நான் ஸ்பிரிங்கை விடுவேன், வறட்டி பறக்கும். பைப்பைத் தட்டோடு ஓட்டி, சுட வேண்டிய நொடியில் சுடுபவர் "டமார்" என்று கத்த வேண்டும். அக்கா தோளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, பைப்பின் வழியே பார்த்து, "ஹிட்" அல்லது "போச்சு" என்று தீர்ப்புச் சொல்வார். மேல்முறையீடு கிடையாது.

"எப்படிக்கா போச்சு? நேராத்தான புடிச்சேன்?"

"தட்டு இருந்த எடத்துல சுட்ட. அது அங்கியே ஒக்காந்துகினு இருக்குமா? அது போவப் போற எடத்துல சுடு. அப்புறம், ரெண்டு கண்ணையும் தொற. கடவுள் ஒண்ணு ஸ்பேருக்கா குடுத்தாரு?"

இதையெல்லாம் பார்த்த தனசேகர், "வாயால வடை சுடறவனப் பாத்துருக்கேன். தட்டு சுடறத இங்கதான் பாக்கறேன்" என்றார்.  

திறப்பு விழாவுக்கு உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் வந்தார். பேனரில் அவர் முகம் முக்கால் பங்கு, தட்டு நெற்றிப் பொட்டு அளவு. வெயிலுக்குத் தகரக் கொட்டகை போட்டுத் தருவதாக மைக்கில் வாக்களித்தார். பிறகு பைப்பை வாங்கி, கேமராவைப் பார்த்தபடியே "டமார்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சால்வையோடு ஒருவர் முன்னே வந்தார்.

"போச்சு அண்ணே" என்றார் அக்கா.

கைதட்டல் நின்றது. கூட வந்த ஒருவர் அக்காவின் காதருகே குனிந்து, "யக்கா, தலைவருக்கே போச்சா? கொட்டகையை நெனச்சிப் பாரு" என்றார்.

"நெனச்சிக்கினுதான் இருக்கேன். இன்னொரு தட்டு தர்றேன்."

அதுவும் போச்சு. மூன்றாவதும் போச்சு. பிரமுகர் சால்வையைத் தானே போர்த்திக்கொண்டு காரில் ஏறினார். கொட்டகை இன்றுவரை வரவில்லை. "ஒரு ஹிட் சொல்லியிருந்தா நெழலு கெடச்சிருக்கும்க்கா" என்றேன். "சொல்லியிருந்தா இந்தப் பசங்க நாளைக்கி நான் சொல்ற ஹிட்ட நம்புவாங்களா?" என்றார். நான் குடையை விரித்து அவருக்கும் சேர்த்துப் பிடித்தேன்.

அப்போதுதான் சென்னைக்கு வெளியே இருந்த ஒரு பெரிய கிளப், புதிதாய் வருகிற பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்தது. துப்பாக்கி, தோட்டா, தட்டு எல்லாம் அவர்களுடையது. பத்துத் தட்டில் ஆறை உடைத்தால் ஒரு வருடம் இலவசப் பயிற்சி. எங்களிடமிருந்து ஒருவரை அனுப்பலாம் என்றார்கள். வயதும் கையும் பொருந்தி வந்தது பவித்ராவுக்குத்தான்.

தனசேகர் ஒரு நிபந்தனை போட்டார். "இதான் கடைசி. அங்க எடுத்தா போவட்டும். எடுக்கலன்னா ஞாயித்துக்கெழம ஊட்ல இருந்து மல்லாட்டை ஆயணும். ஆளுக்குக் கூலி குடுத்து மாளல. நெலத்தையும் திருப்பிக் குடுத்துரணும்."

"சரிண்ணே" என்றார் அக்கா. கிளப்பின் ஆயுள் பத்துத் தட்டு என்று ஆனது.

தேர்வுக்கு நாங்கள் நால்வரும் போனோம். காலையில் அங்கிருந்த பயிற்சியாளர் பிள்ளைகளுக்கு நிஜத் துப்பாக்கியைக் காட்டி, பிடிக்கவும் விசையை இழுக்கவும் சொல்லிக்கொடுத்தார். பவித்ரா எதிரே இருந்த மண்மேட்டைப் பார்த்து இரண்டு தோட்டா சுட்டுப் பழகினாள். நன்றாகவே சுட்டாள். வேலிக்குப் பின்னால் பார்வையாளர் வரிசையில் தனசேகர் காதைப் பொத்திக்கொண்டார். அக்கா மட்டும் உட்காரவில்லை.

அவள் முறை வந்தது. துப்பாக்கி தோளுக்குப் போனது. "உடு" என்றாள். இப்படி ஒரு கட்டளையை அந்த மைதானம் கேட்டதே இல்லை, ஆனாலும் தட்டு வந்தது. பவித்ரா இரண்டு கண்ணையும் திறந்து, தட்டைத் தாண்டி ஒரு முழம் ஓட்டி, மிகச் சரியான நொடியில் "டமார்" என்றாள்.

அவ்வளவுதான். விசையை இழுக்கவில்லை. துப்பாக்கியை இறக்கி, தீர்ப்புக்காகத் திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"ஹிட்" என்றார் அக்கா, பழக்கத்தில்.

தட்டு முழுசாகப் புல்லில் போய் விழுந்தது.

மைதானம் சிரித்தது. பவித்ராவின் முகம் சிவந்தது. பயிற்சியாளர் நல்ல மனுஷர். அருகில் வந்து, "என்னம்மா, ட்ரிகர் மாட்டிக்கிச்சா? துப்பாக்கி மக்கர் பண்ணினா வேற தட்டு தரலாம், ரூல்லயே இருக்கு. மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். கேட்டபோதே தலையையும் ஆட்டிக் காட்டினார்.

வேலிக்குப் பின்னாலிருந்து தனசேகர், "ஆமான்னு சொல்லு பாப்பா" என்றார், மெதுவாக.

பவித்ரா அக்காவையே பார்த்தாள். நிலம், அக்காவின் கிளப், வறட்டி, ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த ஒரு தலையசைப்பில் இருந்தன. அவருக்கு அது தெரியாமலும் இல்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"துப்பாக்கி நல்லாருக்கு சார். பொண்ணு வாயால சுட்டுட்டா. அது போச்சு. அடுத்தது உடுங்க."

அடுத்த தட்டு கரும்பொடியாகச் சிதறியது. அது உடைந்த சத்தத்தில் நான் தனசேகரின் கையைப் பிடித்துவிட்டேன். அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை. பிறகு ஒன்று போனது, இரண்டு உடைந்தன, இரண்டு போயின. அடுத்து இரண்டு உடைந்தன. உடைந்தவை ஐந்து ஆனபோது ஒரே ஒரு தட்டுதான் மிச்சம் இருந்தது. அது போச்சு. அதைப் பார்க்க அக்காவின் கண் வேண்டியிருக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்தது.

ஆறு வேண்டிய இடத்தில் ஐந்து.

திரும்பும் பஸ்ஸில் பவித்ரா ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.  செங்கல்பட்டு தாண்டியதும் தனசேகர், அக்கா உட்கார்ந்திருந்த முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ஏம்மா, ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆயிருக்கும் இல்ல?"

"ஆயிருக்கும்ணே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"துப்பாக்கி நல்லாத்தாண்ணே இருந்துச்சு."

அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். திண்டிவனத்தில் இறங்கும்போது, "பேஜாரு புடிச்ச பொம்பள" என்று என்னிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு இயந்திரத்தைக் கழற்றி எடுத்துவர அக்காவும் நானும் ஸ்பேனரோடு போனோம். முதல் போல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது தனசேகரின் மொபெட் மேட்டில் ஏறி வந்தது. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் பவித்ரா, அவளுக்கும் பின்னால் தொங்கிக்கொண்டு அவளுடைய தங்கை.

மூட்டையைப் பிரித்துக் கொட்டினார். செடியோடு பிடுங்கிய பச்சை மல்லாட்டை, மண் வாசனையோடு.

"நான் சொன்னா சொன்னதுதான். ஞாயித்துக்கெழம மல்லாட்டை ஆயணும்" என்றார். "எங்க ஒக்காந்து ஆயணும்னு நான் சொல்லல. இங்கியே ஆயட்டும். நடுநடுவுல ஜல்தியா போயி சுட்டுட்டு வரட்டும். சின்னதுக்கும் ஒரு பைப்பு குடு."

 அக்கா ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கி, போல்ட்டைத் திரும்ப முடுக்கினார். தேவைக்கு அதிகமாகவே முடுக்கினார். மரை போய்விடும் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

இப்போது எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை. கிளப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை இருபதைத் தாண்டிவிட்டது, அடுத்த தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். துப்பாக்கி இன்னும் வரவில்லை. விடுமுறை கிடைக்கும் ஞாயிறுகளில் நான் ஒலக்கூர் பஸ் ஏறுகிறேன். அக்கா ஸ்டூலில் நகர்ந்து உட்கார்ந்து பாதி இடம் தருவார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இரண்டு பேரைத் தாங்காது என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் உட்கார்ந்துகொள்கிறேன்.