மாமனாரின் எடை

என் மாமனார் என் வீட்டுக்கு வரக்கூடாது என்று முடிவு செய்தேன். உறுதியான முடிவு. அதை மனைவியிடம் சொல்லத்தான் உறுதி போதவில்லை. எனவே சொல்லும் பொறுப்பை ஒரு ஜோடி ஜீப் ஸ்பிரிங் பட்டையிடம் ஒப்படைத்தேன்.

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறேன். இழப்பீடு கேட்டு வருகிற மனுக்களில் எவற்றைத் தள்ளுபடி செய்யலாம் என்று பார்ப்பது என் பிரிவு. கால் போனவருக்கும் வீடு எரிந்தவருக்கும் 'வருந்துகிறோம்' என்று தொடங்கி நான் எழுதும் கடிதங்களைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்கள். பகல் முழுவதும் முடியாது, முடியாது என்று எழுதித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அந்தச் சொல் என்னிடம் மிச்சமிருப்பதில்லை. மனைவி எதைக் கேட்டாலும் சரி என்கிறேன்.

மாமனார் குழாய் வேலை செய்தவர். வேலையை விட்ட பிறகும் யாரோ கூப்பிட்டார்கள் என்று மழையில் ஒரு தண்ணீர்த் தொட்டிமேல் ஏறியிருக்கிறார். இறங்கும்போது ஏணியைப் பயன்படுத்தவில்லை. முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கிவிட்டது. மலைமேல் ஒரு வாடகை வீட்டில், தனியாக, மல்லாந்து படுத்திருந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் கஞ்சி ஊற்றி, துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

மேலே போய்ப் பார்த்த டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். வழியில் குலுங்கக் கூடாது. நன்றாக ஒரு குலுக்கு குலுக்கினால் போதும், கால் இரண்டும் போய்விடும்.

அந்த மலைப்பாதை மழையில் அடித்துப் போயிருந்தது. ஆம்புலன்ஸ் அடிவாரத்துப் பாலத்தோடு நின்றுவிடும். பாலத்திலிருந்து வீடு அரைநாள் நடை.

"நம்ம ஜீப்பு போகும்," என்றாள் மனைவி.

ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கிற நீளமான பழைய வண்டி. காடு, மேடு, ஆறு எல்லாவற்றையும் தாண்டும் என்று சொல்லி நான்தான் வாங்கினேன். அதுவரை அது தாண்டியவற்றில் பெரியது எங்கள் தெருமுனை வேகத்தடை.

"போகும். ஆனா ஸ்பிரிங்கு செத்துப் போச்சே," என்றேன்.

"மாத்துங்க."

"மாத்தலாம். ஆனா மாமாவுக்கு இந்த வீடு வசதிப்படுமா?"

"உங்க ரூம்ல படுக்கட்டும். அங்கதான் பாத்ரூம் பக்கத்துல இருக்கு."

"அப்ப நான்?"

"ஹால் என்ன சின்னதாவா இருக்கு?"

அந்த அறையில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு தாழ்ப்பாள். அலுவலகத்திலிருந்து வந்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். உலகத்தில் என்னை யாரும் எதுவும் கேட்க முடியாத இடம் அது ஒன்றுதான். இனி அதில் ஒரு மனிதர் மல்லாந்து படுத்து இருமிக்கொண்டிருப்பார்.

"சரி," என்றேன். "ஸ்பிரிங்கை நானே பாத்து வாங்கறேன்."

அவள் என்னைக் கொஞ்சம் நன்றியோடு பார்த்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

பட்டைக் கடை லாரிகள் நிற்கும் தெருவில் இருந்தது. வாசல் மண் கிரீஸில் ஊறிக் கருத்திருந்தது. கடைக்காரர் இரும்புக் குவியலுக்கு நடுவே ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தார்.

"வண்டியில என்ன ஏத்துவீங்க?" என்று கேட்டார்.

"ஏன்?"

"அதை வச்சுத்தான் பட்டை. இந்தா, இது காலி வண்டிக்கு, மெத்தை மாதிரி. இது குடும்பத்துக்கு. அந்த ஓரத்துல கிடக்குது பாருங்க, அது வெல்டிங் மெஷினு, தண்ணி டேங்குன்னு எந்நேரமும் சுமந்துக்கிட்டே அலையிறவங்களுக்கு."

"அந்த ஓரத்துல கிடக்கறதைக் குடுங்க."

"அப்படி என்ன பாரம்?"

"மாமனார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெரிய உடம்போ?"

"ஒல்லி. முதுகுல அடிபட்டு இப்ப இன்னும் ஒல்லி."

"அப்ப மெத்தைப் பட்டையைப் போடுங்க சார். இதைப் போட்டா காலி வண்டி கட்டை மாதிரி இருக்கும். ஒரு கல்லு மேல ஏறினா பின்னாடி இருக்கிறவன் தலை கூரையில இடிக்கும்."

"எனக்கு உறுதி முக்கியம்."

"உறுதிக்கு என்ன, கருங்கல்லுகூட உறுதிதான். அதுல படுக்க வைப்பீங்களா?"

"இது எங்க குடும்ப விஷயம்."

அவர் குனிந்து பட்டையை இழுத்தார். பட்டையை மாட்டி வண்டியைத் திருப்பித் தரும்போது, "மாமனாரை விசாரிச்சதாச் சொல்லுங்க," என்றார்.

என்னைக் கொடியவன் என்று நினைத்துவிட வேண்டாம். அவரை அந்த வண்டியில் ஏற்றுகிற எண்ணமே எனக்கு இல்லை. மனைவி எதையும் சோதித்துப் பார்க்காமல் செய்ய மாட்டாள். ஏறிப் பார்ப்பாள். குலுங்கும். அப்பாவை இதில் கொண்டுவர முடியாது என்று அவள் வாயாலேயே சொல்வாள். நான் வருந்துவேன். மேலே ஒரு நர்ஸை அனுப்பலாம் என்று யோசனை சொல்வேன். மனசுக்குள் அந்த நர்ஸுக்கு நல்ல முகம்கூடக் கொடுத்திருந்தேன்.

வண்டி வாசலில் முன்னங்காலை மடக்கிய மாடு மாதிரி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"என்னங்க இப்படி நிக்குது?"

"புதுசுல்ல. அப்படித்தான் இருக்கும்."

கல் உடைக்கும் குவாரிப் பாதைக்கு ஓட்டிப் போனேன். அப்பா படுக்கப்போகிற இடத்தில் தானும் படுத்துப் பார்க்க வேண்டும் என்று பின்னால் பாய் விரித்து மல்லாந்து படுத்தாள். முதல் பள்ளத்திலேயே தகரத்தில் எதுவோ மோதும் சத்தம் கேட்டது. அவள் கூச்சலிடவில்லை. நிறுத்துங்கள் என்றும் சொல்லவில்லை. பாதை முடியும்வரை படுத்தே இருந்தாள். நானும் முடியும்வரை ஓட்டினேன்.

இறங்கியபோது உதட்டில் ரத்தம். பல் பட்டிருந்தது.

"முடியாதுங்க," என்றாள். "அப்பா செத்துப் போயிடுவாரு."

"அடடா," என்றேன். கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்த அடடா. "இவ்வளவு நல்ல பட்டைன்னு சொல்லிக் கொடுத்தானே."

அவள் முந்தானையால் உதட்டை அழுத்திக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, வில் மாதிரி வளைந்து, கொஞ்சமும் அசையாமல் இருந்தன.

"இது எவ்வளவு தாங்கும்?"

"எவ்வளவு வேணா," என்றேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு வண்டியைப் பற்றிப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று மாலை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அவ்வளவு நிம்மதியாக அதற்கு முன்பு உட்கார்ந்ததில்லை. ஹாலில் அவள் அழுகிறாளா என்று காது கொடுத்தேன். அழவில்லை. போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். நர்ஸுக்கு ஏற்பாடு செய்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, "மேல போய் அப்பாவைப் பாத்துட்டு வந்துடலாம்," என்றாள். பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. குலுங்கிக் குலுங்கி ஏறினோம். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வந்தாள்.

மாமனாரின் வீடு ஒரே அறை. உள்ளே நுழைந்ததும் மருந்தும் மூத்திரமும் கலந்த வாடை. அவர் முகம் மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது. உடம்பு திரும்பவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் அவரை லேசாக ஒருக்களித்து முதுகைக் காட்டினாள். படுக்கைப் புண். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"வாங்க மாப்ள," என்றார். "தூரம்."

வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஆரம்பிக்கலாமா?" என்று அவர்களிடம் கேட்டாள்.

"எதை?" என்றேன் நான்.

முதலில் பீரோ வந்தது. தோள் உயர இரும்பு பீரோ. அதை ஜீப்பின் தரையில் மல்லாத்தினார்கள். அப்புறம் குழாய் பிடிக்கும் இடுக்கி, வார்ப்பிரும்பு வால்வுகள், பழைய மோட்டார், மரை வெட்டும் கருவிகள் நிறைந்த இரும்புப் பெட்டி. ஒவ்வொன்றும் இரண்டு பேர் தூக்குகிற சாமான். மாமியார் விட்டுப்போன தையல் மெஷின். பாத்திரங்கள். இடுக்குகளில் மணல் மூட்டை வைத்து அடைத்தார்கள்.

"என்ன பண்ற நீ?"

"நான் எங்க வேலை பாக்கறேன்?"

"கண்ணாடி ஃபேக்டரியில."

"அங்க என்ன வேலை?"

யோசித்தேன். லாரி சம்பந்தப்பட்டது.

"லாரியில கண்ணாடி ஏத்தி அனுப்பற வேலை. எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், நீங்க பேப்பர்ல இருந்து தலையை எடுத்ததில்லை. கண்ணாடி எப்ப உடையும் தெரியுமா? லாரி நிறைய ஏத்தினா உடையாது. பெரிய லாரியில நாலே நாலு பலகை வச்சு அனுப்புனா, போய்ச் சேரும்போது எல்லாம் தூள். பட்டை பாரத்துக்குன்னு செஞ்சது. பாரம் இல்லன்னா அது எதுக்கு வளையணும்?"

நான் வண்டியைப் பார்த்தேன். தூக்கிக்கொண்டு நின்ற பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு ஏத்தணும்னு கடைக்காரர்கிட்டயே போய்க் கேட்டுட்டேன்," என்றாள். "நல்ல மனுஷன். கணக்காச் சொன்னாரு." ஒரு கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். "உங்க அப்பாதானா அந்தப் பாரம்னு கேட்டாரு."

கிடைத்த சின்ன மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியில் மெத்தையை பீரோவின் மேல் விரித்தார்கள். மாமனாரைக் கதவுப் பலகை ஒன்றில் கட்டித் தூக்கி வந்தார்கள். நாலு பேர், நாலு மூலை. பக்கத்து வீட்டு அம்மாள் வாயில் துணியை வைத்துக்கொண்டாள். தன் பீரோவின் மேல் தானே படுத்து, வானத்தைப் பார்த்து, "பீரோ சாவி உள்ளதான் இருக்கு," என்றார் மாமனார். மனைவி அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

ஏறியபோது எலும்பை எண்ணிய அதே பாதை. இறங்கும்போது வண்டி அதன்மேல் நடக்கவில்லை, நழுவியது. கல் வந்தது, பின்பக்கம் மெல்ல அமுங்கி எழுந்தது. ஓடைக்குழி வந்தது, மூச்சு விட்டதுபோல் ஒரு அசைவு. நான் தேர்ந்தெடுத்த பட்டை. என் பக்கம் நிற்கும் என்று நம்பிய பட்டை.

ஒரு வளைவுக்கு முன்னால் பெரிய பள்ளம் தெரிந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. வேண்டுமென்றா என்று கேட்டால், தெரியாது. கால் பிரேக்குக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

வண்டி அந்தப் பள்ளத்தை விழுங்கிக்கொண்டு போனது.

"ரோட்டைப் போட்டுட்டாங்களா மாப்ள?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

கண்ணாடியில் பார்த்தேன். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை அவர் நெற்றியில் இருந்தது.

"பாத்துப் போங்க," என்றாள். கோபமே இல்லாத குரல். பாலம் வருகிறவரை நான் மறுபடி கண்ணாடியைப் பார்க்கவில்லை. எல்லாப் பள்ளத்துக்கும் பிரேக் பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, அறுக்க வேண்டாம், இடுப்பில் பட்டி கட்டிப் படுக்க வைத்தால் கூடிவிடும் என்றார்கள். காலை அசைக்கச் சொன்னார்கள். அசைத்தார். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் ஆடியது. திருமணமான நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் நிற்கலாமா என்று தோன்றியது. நிற்கவில்லை.

இப்போது என் கட்டிலில் அவர் படுத்திருக்கிறார். பீரோ என் ஜன்னலை மறைத்து நிற்கிறது. வால்வுகள் கட்டிலுக்கு அடியில். தையல் மெஷின் தாழ்ப்பாளுக்கு நேராக இருப்பதால் கதவை முழுதாகச் சாத்த முடிவதில்லை. பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் அவர், "மாப்ள எனக்குன்னு பாத்துப் பாத்து வாங்கின பட்டை. கொஞ்சம்கூட அலுங்கலை," என்று சொல்கிறார். அவர்கள் என்னை மரியாதையோடு பார்க்கிறார்கள். மனைவி அப்போதெல்லாம் காபி எடுத்துவர உள்ளே போய்விடுகிறாள்.

இரண்டாவது வாரம், ஹாலில் என் பாயை உதறிப் போட்டபடி, அக்கறையான குரலில் கேட்டேன்.

"மாமா எத்தனை நாளைக்கு இருப்பாரு?"

"எலும்பு கூடற வரைக்கும்னுதான் நினைச்சிருந்தேன்," என்றாள் மடித்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கூடினதும் கொண்டுபோய் விட்டுடலாம்னு. அவருக்கும் அங்க இருந்தாத்தான் இருப்புக்கொள்ளும்."

"அதுதான் சரி," என்றேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

அவள் என் சட்டையை மடித்து, மற்றதோடு சேர்த்து ஹால் நாற்காலியின் மேல் வைத்தாள்.

"இனி எப்படிங்க? நீங்க போட்ட பட்டைக்கு ஒரு கரண்டி விடாம எல்லாத்தையும் ஏத்த வேண்டியதாப் போச்சு. காலி வீட்டை வச்சு என்ன பண்றதுன்னு, அன்னிக்கே சாவியை வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துட்டேன்."