பாசி பிடித்த வைத்தியம்

"நேத்துதானே தேய்ச்ச, யோகேஸ்வரி?"

"இன்னிக்குக் காலைலயும் தேய்ச்சேன் மேடம். கையே பச்சையாயிடுச்சு, பாருங்க" என்று வரவேற்பு மேசைப் பெண் உள்ளங்கையை நீட்டினாள்.

டாக்டர் தமிழ்ச்செல்வி குனிந்து பார்த்தாள். மாமல்லபுரத்தில் அவளுடைய தோல் கிளினிக்கின் கூடத்தில், நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே இருந்தது அந்த மீன் தொட்டி. நிஜச் செடிகள், மணல், நடுவில் ஒரு மரக்கட்டை, ஒரு கூட்டம் மோலி மீன்கள். வந்த புதிதில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. இப்போது ஒவ்வொரு இலையிலும் பாசி நூல்நூலாகத் தொங்கியது. தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. விளிம்பில் எறும்புகள் வேறு வரிசை கட்டிப் போயின.

மற்றவர்களுக்கு அது வெறும் தொட்டி. அவளுக்கு அதுதான் பிழைப்பு.

தமிழ்ச்செல்விக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நோயாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுவாள். "இது சாதாரண மருதான். மருந்தே வேண்டாம், நாளானா தானா உதிர்ந்துடும்" என்பாள். ஊசி போடாத, மாத்திரை எழுதாத டாக்டரை எந்த ஊர் நம்பும்? வந்தவர்கள் ஒரு தடவையோடு நின்றார்கள். ஈ ஓட்டுவதற்குக்கூட ஈ வரவில்லை. "இந்த வருஷம் பாரு. இல்லேன்னா மூடிட்டு இங்கயே ஏதாவது பெரிய ஆஸ்பத்திரில சேர்ந்துடு" என்று கூடுவாஞ்சேரி வீட்டில் கணவன் லட்சுமணன் சொன்னான். அவன் நல்லதற்குத்தான் சொன்னான். ஆனால் பொய் சொல்லாத ஒரே காரணத்துக்காகக் கடையை மூடுவது அவளுக்கு வலித்தது.

அப்புறம்தான் தொட்டி வந்தது. மருந்து இல்லை என்றதும் முகம் சுண்டிப்போகிறவர்களிடம், "கவலைப்படாதீங்க. வெளியில தொட்டிகிட்ட கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நெம்மேலிப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து வந்தார்கள், செய்யூரிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். மருந்து இல்லை என்று அவள் சொன்னால் சிரித்துத் தலையாட்டினார்கள். பொறுமையும் ஒரு மருந்து என்பதை ஜனங்கள் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையில்தான் பாசி பிடித்தது.

தொட்டி விற்ற கடைக்காரன் கிஷோருக்குப் போன் போட்டாள்.

"லைட்டு ஜாஸ்தி மேடம். கொறைங்க."

குறைத்தாள். செடிகள் வெளுத்து, இலைகள் அழுகின. அழுகலைத் தின்று பாசி இன்னும் கொழுத்தது.

"அப்ப தீனி ஜாஸ்தி."

"நான் ஒரு சிட்டிகைதான் மேடம் போடறேன்" என்றாள் யோகேஸ்வரி, ரோஷத்தோடு.

"அடியில கறுப்பு கறுப்பா உருண்டை கிடக்குதே கிஷோர், அது என்ன?"

"நத்தையோட கழிவா இருக்கும் மேடம்."

"நத்தையே இல்லையேப்பா."

"இல்லியா? அப்ப நத்தை வுடுங்க. பாசிய மேஞ்சிடும்."

நத்தைகள் வந்தன. தண்ணீரில் இறங்கியதுதான் தாமதம், கண்ணாடியில் ஏறி வெளியே ஓடப் பார்த்தன. ஓட முடியாதவை ஓட்டை மூடிக்கொண்டு செத்தன. நாற்றம் தெருமுனை வரை போனது.

கிஷோர் நேரிலேயே வந்துவிட்டான். தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். "உப்பு கரிக்குது மேடம். கடலோரம் பாருங்க, போர் தண்ணி இப்டித்தான் இருக்கும்."

"தண்ணி ஏன் டீ மாதிரி இருக்கு?"

"கட்டையில சாயம் எறங்குது."

"எறும்பு?"

"ஈரத்துக்கு வர்றதுதான் மேடம்."

எது கேட்டாலும் அவனிடம் பதில் இருந்தது. நெம்மேலியில் கடலையே குடிதண்ணீராக மாற்றுகிறார்கள். தன்னால் ஒரு தொட்டித் தண்ணீரைத் தேற்ற முடியவில்லையே என்று நொந்துகொண்டு, கேன் கேனாக நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றினாள். ஒரு வாரத்தில் அதுவும் கரித்தது. உப்புத் தண்ணீரிலும் பிழைக்கும் மோலிகள் மட்டும் மாமியார் வீட்டு மாப்பிள்ளைகளாகச் சுற்றி வந்தன.

"கடைசி வழி ஒண்ணு கீது மேடம்" என்றான் கிஷோர். "கறுப்புத் துணி போட்டு மூடிடுங்க. வெளிச்சம் இல்லாம பாசி செத்துடும்."

மூடினாள்.

அன்று காலை வாசல் வரை வந்தவர்கள் துணியைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், மெதுவாகப் படியிறங்கினார்கள்.

"டாக்டர் இருக்காங்க, வாங்க!" என்று யோகேஸ்வரி கத்தினாள்.

"பரவால்ல, தொறந்தப்புறம் வர்றோம்."

மறுநாள் பெஞ்சு காலி. தமிழ்ச்செல்வி தன் அறையில் தனியாக உட்கார்ந்து, திறந்த கதவு வழியாக அந்தக் கறுப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் இவர்கள் தன் பேச்சைக் கேட்க வரவில்லை, மீனை வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வருத்தமும் தணிந்தது. மீனைப் பார்க்கவாவது வரட்டுமே; வந்தால் காதில் ஒரு உண்மை விழும் அல்லவா?

துணியை எடுக்கலாம் என்று எழுந்தபோது, நெம்மேலிப் பக்கத்திலிருந்து வரும் மீன்காரி ஆதியம்மாள் உள்ளே நுழைந்தாள். சண்டைக்கு வந்த முகம்.

"இன்னாம்மா, தொட்டிய மூடிக்கினு குந்திகினு கீற? பஸ்ஸு புடிச்சி வர்ற சனத்துக்கு முன்னாடியே சொல்ல வேணாவா?"

"பாசி பிடிச்சிருக்கும்மா. உங்க கழுத்துல மரு இருந்ததே, என்ன ஆச்சு?"

ஆதியம்மாள் கழுத்தைக் காட்டினாள். இருந்த இடம் தெரியவில்லை. தமிழ்ச்செல்விக்கு உச்சி குளிர்ந்தது.

"பார்த்தீங்களா! மருந்தே இல்லாம போயிடும்னு சொன்னேன்ல?"

"நீ சொல்லி என்னிக்கி இன்னா தப்பாப் போச்சு? இப்ப எம் மருமவளுக்குக் கையில வந்துகீது. அதுக்கோசரந்தான் வந்தேன்."

சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். ஒரு கட்டி வெல்லம், ஒரு கைப்பிடி கல்லுப்பு, கொஞ்சம் மிளகு.

தமிழ்ச்செல்வி அந்த மிளகைப் பார்த்தாள். கறுப்பு கறுப்பாக, உருண்டை உருண்டையாக இருந்தது. கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டு வெல்லம் கரைத்தால் மரு போகும் என்பது அவளுக்கும் தெரியாததல்ல. சின்ன வயதில் அவளுக்கே அவள் அம்மா செய்திருக்கிறாள். எறும்பும் டீ நிறமும் கரிப்பும் செத்த நத்தைகளும் அவள் கண்முன் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"யோகேஸ்வரி!"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மேடம்" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்? இதையெல்லாம் என் தொட்டியில போடச் சொல்லி உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

ஆதியம்மாள் கதவுப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்கையிலயே மறைக்கிறியேம்மா! படிச்ச டாக்டரு, கொளத்துல வெல்லம் கரைன்னு வாயால சொல்ல முடியுமா? அதான் மருந்து எய்தாம தொட்டியாண்ட கைய காட்டி வுடறன்னு எங்க குப்பம் பூரா தெரியும். நீ பயப்படாத, நாங்க யாராண்டயும் சொல்ல மாட்டோம்."